புல்வெட்டி மெஷினுக்கு வீட்டு முற்றத்தில் வைத்தே எஞ்சின் மாற்றினோம்

நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் கந்தப்பளைப் பக்கம் பெற்றோல் எஞ்சினுக்குப் பஞ்சமில்லை. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிற வீடுகளில் தண்ணீர் இறைக்க ஒன்று எப்படியும் இருக்கும். பழுதானால் டவுனிலேயே இன்னொன்று வாங்கலாம். ஆனால் அவற்றில் ஷாப்ட் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி மெஷினுக்கு ஷாப்ட் நேராகக் கீழே இறங்க வேண்டும். தண்ணீர் எஞ்சினை நிமிர்த்திப் பூட்டினால் ஓடாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஓடாது. ஒயில் தேங்கும் இடம், காபரேட்டருக்குள் இருக்கும் மிதவை எல்லாமே அது படுத்திருக்கும் நிலைக்கென்று செய்யப்பட்டவை.

பங்களாத் தோட்டங்களுக்குப் புல் வெட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். துரைமார் இருந்த பங்களாக்கள் பலவற்றில் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். முன்னால் இருக்கும் புல்தரை எப்போதும் வெட்டினபடி இருந்தாக வேண்டும். என் மெஷின் பழையது. ஒற்றைச் சிலிண்டர், 17.5 ஹோர்ஸ் பவர், பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின். வெட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இரும்பில் சுத்தியல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பிளொக்கின் பக்கத்தில் இரண்டு விரல் போகிற ஓட்டை. பிஸ்டனை ஷாப்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட் உடைந்து வெளியே எட்டிப் பார்க்கிறது.

அதற்கு எஞ்சின் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த எஞ்சினில் ஒயில் பம்ப் கிடையாது. கீழே ஒரு சின்னப் பல்சக்கரம் சுழன்று ஒயிலை வாரித் தெறிக்கவிடும், அவ்வளவுதான். மெஷின் சரிவில் சாய்ந்தபடியே ஓடினால் ஒயில் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், பல்சக்கரம் வெறுங்காற்றைத்தான் அடிக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் வருடக்கணக்கில் மேட்டில் குறுக்காகவே ஓட்டியிருக்கிறார்கள். ரொட்டின் தேய்மானம் அதைத் தெளிவாகக் காட்டியது.

வேறு எஞ்சினுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டியிருந்தது. போகுமுன் பழைய எஞ்சினில் அளவெடுத்துக்கொண்டேன். ஷாப்டின் தடிப்பு 25.4 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம். நீளம் 80 மில்லிமீற்றர். புல்லி வழுக்காமல் பிடிக்கும் சாவி உட்காரும் தவாளிப்பு கால் அங்குலம். ஷாப்டின் நுனியில் 7/16 நெருக்கு மரை. ஷாப்ட் சில மில்லிமீற்றர் கட்டையாக இருந்தாலும் கீழே பிளேட்டை ஓட்டும் கிளச் சரியாக உட்காராது. நுனியில் மரை வெட்டாத ஷாப்ட் என்றால் கிளச்சைப் பூட்டவே வழியில்லை. இந்த நாலையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், படம் மட்டும் போதாது.

கடையில் விலை குறைவு என்று 12 ஹோர்ஸ் பவர் எஞ்சின் ஒன்றை முதலில் காட்டினார்கள். கொழும்பில் அது ஓடும். இந்த எஞ்சின்களின் கையேட்டில், கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 அடி ஏறும்போதும் வலு 3.5 வீதம் குறையும் என்று போட்டிருக்கும். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர், 6,100 அடிக்கு மேல். அப்படியென்றால் ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு போச்சு. 17.5 என்று எழுதியிருக்கும் எஞ்சின் நம்ம ஊரில் 14க்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்கும். ஈரப் புல்லை வெட்டிக்கொண்டே மேடேற அதிலும் குறைந்தால் முடியாது. அதே 17.5இல் இன்னொன்றைத் தேடிப் பிடித்தேன்.

பழைய எஞ்சினை வாங்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஷாப்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். ஒயில் குச்சியை இழுத்து மூக்கருகே பிடியுங்கள். பெற்றோல் மணந்தால் காபரேட்டர் ஊசி அடைக்கவில்லை, ஒயில் நீர்த்துப்போய் எத்தனை நாள் ஓடியதோ தெரியாது. எஞ்சின் தகட்டில் கோட் என்று ஓர் இலக்கம் அடித்திருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கமும் செய்த வருடம். 11 என்று தொடங்கினால் 2011. வயதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை.

பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப்போன லொறி திரும்பும்போது எஞ்சினையும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கூட நின்றவர் என் மாமா. தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்து பென்சன் எடுத்தவர். இந்த மெஷினின் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. நம்மிடம் இருக்கிற 13, 14 ஸ்பெனர்களைப் போட்டால் தலை உருண்டுவிடும். மாமாவிடம் பெட்டி நிறைய அங்குல ஸ்பெனர்கள் இருந்தன. நான் ஒன்றை எடுத்ததும் தடுத்தார்.

"அது விட்வர்த் ஸ்பெனர் மருமகனே. அதுல அடிச்சிருக்கிறது போல்ட்டோட தடிப்பு. உனக்கு வேண்டியது தலையோட அகலம். மத்த டப்பாவப் பாரு."

பழைய பேக்டரிகளில் வேலை செய்தவர்களுக்குத்தான் இது சட்டென்று தெரியும். அப்படியொருவர் உங்கள் டிவிஷனில் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினோம். பிறகு பிளேட் இருக்கும் டெக்கை இறக்கி வெளியே இழுத்தோம். பெற்றோல் குழாய், சைலன்சர், எக்ஸலேட்டர் கேபிள், ஸ்டார்ட்டர் வயர் எல்லாம் சுலபமாகக் கழன்றன. ஒவ்வொரு வயருக்கும் பிளாஸ்டர் சுற்றி இலக்கம் போட்டேன்.

பாடுபடுத்தியது கிளச்தான். ஷாப்டின் நுனியில், பிளேட் பெல்ட்டைச் சுழற்றும் கரண்ட் கிளச்; அதற்கு மேலே சக்கரங்களுக்குப் போகும் பெல்ட்டின் புல்லி. இரண்டையும் ஒரே போல்ட் தாங்குகிறது. நம்ம ஊர்ப் பனியிலும் தூறலிலும் அது துருவோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்பெனரைப் போட்டால் ஷாப்ட் கூடவே சுற்றுகிறது. வழக்கமாக பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை உள்ளே விட்டு பிஸ்டனை முட்டவைத்து ஷாப்டை நிறுத்துவார்கள். இங்கே ரொட்டே உடைந்துவிட்டதால் பிஸ்டனுக்கும் ஷாப்டுக்கும் தொடர்பே இல்லை.

"சூடு காட்டுவமா மாமா?"

"வேணாம். கிளச்சுக்குள்ள கம்பிச் சுருள் இருக்கு, கருகிரும். ஒயில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடு."

அடுத்த நாள் காலையில் மேல் மூடியைக் கழற்றி, பிளைவீலைச் சுற்றிப் பழைய பெல்ட் ஒன்றை இறுக்கி மாமா பிடித்துக்கொண்டார். ஸ்பெனருக்கு இரும்புக் குழாய் ஒன்றைச் செருகி நீட்டி நான் இழுத்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம், போல்ட்டைச் சுற்றிச் செம்மண் மாதிரித் துரு கொட்டியது. புல்லியை புல்லர் வைத்துத்தான் இழுக்க வேண்டும், சுத்தியலால் தட்டினால் விளிம்பு நெளிந்து பெல்ட்டைத் தின்றுவிடும். பிறகு அடியில் நான்கு போல்ட். எஞ்சின் முப்பது கிலோவுக்கு மேல், ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

வந்த எஞ்சினைப் பூட்டுமுன் மேசையில் வைத்தே வால்வ் இடைவெளியைச் சரிபார்த்தோம். மெஷினில் ஏற்றிய பிறகு குனிந்து செய்வதைவிட இதுவே நல்லது. இன்டேக்குக்கு 0.1 மில்லிமீற்றர், எக்ஸோஸ்டுக்கு 0.15 வைத்தோம். இடைவெளி கூடிப்போனால் ஸ்டார்ட் பண்ணும்போது கொம்ப்ரஷனைக் கொஞ்சம் திறந்துவிடும் ஏற்பாடு வேலை செய்யாது. ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றில் முக்கி நின்றுவிடும். ஆட்கள் புதுப் பெட்டரியும் புது ஸ்டார்ட்டரும் வாங்கிப் பணத்தை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பூட்டுவது கழற்றியதின் தலைகீழ். ஷாப்டில் மெல்லிசாகக் கிரீஸ் பூசினேன், அடுத்தவர் அவஸ்தைப்படாமல் இருக்கட்டும் என்று. எஞ்சினின் அடி அலுமினியம், போல்ட்டை முதலில் கையால் ஏற்றி, அப்புறம் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். கிளச்சின் உடம்பு சுழலாமல் பிடித்துக்கொள்ளும் தகட்டை அதன் இடத்தில் கொளுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் பண்ணின அடுத்த நொடி கிளச் சுழன்று தன் வயரைத் தானே அறுத்துவிடும்.

வயரிங்கில் நிதானம் வேண்டும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலிலிருந்து வரும் வயர் எஞ்சினை நிறுத்துவதற்கு. அதை எஞ்சினின் இரும்பில் தொடுத்தால் பொறி நிற்கும். அதற்குள் 12 வோல்ட் போனால் கொயில் போய்விடும், ஆகவே மீற்றர் வைத்துப் பார்க்காமல் எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. காபரேட்டரின் அடியில் தொங்குகிற, பெற்றோலைத் திறந்துவிடும் சொலினோய்டுக்கோ இதற்கு மாறாக, சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் வந்தாக வேண்டும். வராவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், பிளக்கில் பொறி இருக்கும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. வந்த எஞ்சினின் சார்ஜிங் பிளக் பழையதுபோல் இல்லை, அதற்குரிய ரெகுலேட்டரையும் சேர்த்தே வாங்கியிருந்ததால் தப்பித்தோம். ஓடும்போது பெட்டரியில் 14 வோல்ட்டுக்குக் கிட்ட காட்டியது.

சீட்டிலிருந்து எழும்பினால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சை நேராகக் கட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். நம்ம சரிவுகளில் ஆள் விழுந்தால் பிளேட் நின்றாக வேண்டும். பிளேட்டைப் போட்டுவிட்டுச் சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பிப் பார்த்தேன், உடனே நின்றது. அதன் பிறகுதான் வேலைக்கு எடுத்தேன்.

ஓடியது, ஆனால் கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினால் கரி. எஞ்சினில் குறையில்லை, உயரம்தான் காரணம். காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துவாரம்தான் ஜெட். காற்று மெலிந்த இடத்தில் அதே ஜெட் அதே பெற்றோலை விட்டால் பெற்றோல் மிஞ்சிப்போகும். 5,000 அடிக்கு மேலே ஓட்டுவதற்கென்று துவாரம் சிறுத்த ஜெட் விற்கிறார்கள். எஞ்சின் மொடல் இலக்கத்தைக் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். மாற்றிப் போட்டதும் புகை நின்றது, பிளக் மண்ணிறமாக வந்தது, பெற்றோல் செலவும் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. பழைய ஜெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மெஷினைக் கண்டிப் பக்கம் இறக்கினால் திரும்பவும் அதைப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறும்.

ஒயில் 10டபிள்யூ-30 ஊற்றினேன். ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் புல்லில் பனி உறைந்து கிடக்கும்போது எஸ்ஏஈ 30 தடித்துப்போய் ஸ்டார்ட்டரை வாட்டும். 1.4 லீற்றர் பிடிக்கிறது. முதல் ஐந்து மணித்தியாலம் ஓடியதும் அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினேன்.

15 பாகைக்கு மேலான சரிவுக்கு இப்போது மெஷினைக் கொண்டுபோவதில்லை. பத்து மீற்றருக்கு ஏறக்குறைய 2.7 மீற்றர் ஏறினால் அதுதான் 15 பாகை. அதற்கு மேலே கையால் பிடித்து வெட்டும் மெஷின்தான். மற்ற இடங்களில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. குறுக்காக ஓட்டினால் சீக்கிரம் முடியும் என்று பங்களாக் காவல்காரர் சொன்னாலும் சரி.

டெக் பெல்ட்டின் ஓரம் பிரியத் தொடங்கியிருக்கிறது. மாமா ஆட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்கிறார். அளவைக் குறித்து லொறிக்காரர் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், அடுத்த தடவை கொழும்புக்குப் போகும்போது வாங்கி வருவான்.