ஏற்காட்டுக்குப் போகும் முன் சாப்பாட்டுக் கணக்கு

ஏற்காடு என்றதும் பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று இடங்களைத்தான் எல்லோரும் வரிசைப்படுத்துகிறார்கள். நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டிய மாமியார், எதை நீட்டினாலும் "வேணாம்" என்கிற சின்னவன், சென்னையிலிருந்து வந்திறங்கும் அக்கா குடும்பம் என்று கூட்டம் சேர்ந்தால், நான் முதலில் போடுவது சாப்பாட்டுக் கணக்கு. இடங்களை அப்புறம் நடுவில் செருகிக்கொள்ளலாம்.

காலை டிபன் சேலத்திலேயே. ஆனால் அரை வயிற்றுக்குத்தான். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பூரி கிழங்கை ஒரு கை பார்த்துவிட்டு ஏறினால் பின்சீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம். இரண்டு இட்லி போதும். வளைவில் வண்டியை நிறுத்தி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கவும் வேண்டாம். குரங்குகளுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

சிக்கல் மதியம்தான். ஏரி, அண்ணா பூங்கா, கடைகண்ணி எல்லாம் பக்கம் பக்கமாக இருப்பதால், படகை விட்டு இறங்கும் கூட்டம் ஒரு மணிக்கு மொத்தமாக ஓட்டல்களுக்குள் நுழையும். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாம் ரசம் ஊற்றிக்கொள்ளும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்பார். இதற்கு ஒரே வழி, பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவது. "மாப்ள, இப்பவே பசிக்குமாங்க?" என்று மாமியார் கேட்பார், இலை போட்டதும் பசிக்கும். ஊரே சாப்பிடும் நேரத்தில் நாம் படகுக்குப் போனால் அங்கே வரிசையும் குறைவு. கிளியூர் அருவி மட்டும் சாப்பாட்டுக்கு முன்னால். செங்குத்தாக இறங்கி ஏறும் பாதை அது, மோர்ச்சாதம் சாப்பிட்ட வயிற்றோடு ஆகாது.

மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி சமயத்தில் இந்தக் கணக்கும் எடுபடாது. இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள், எப்போது வீடு சேருவோம் என்றே தெரியாது. அந்த நாட்களில் ஒரு தூக்கு நிறைய புளிசாதம் கட்டாயம்.

சாயங்காலத்துக்கு பிரெட் ஆம்லெட். காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி ஏறும் மிளகுதான் இந்த மலையின் சரக்கு. ஆம்லெட்டில் அதைத் தாராளமாகத் தூவச் சொல்லுங்கள். சின்னவன் "வேணாம்" சொல்லாத ஒரே ஐட்டம். மிளகாய் பஜ்ஜி ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் கீழே சேலத்தில் தட்டுவடை செட் காத்திருக்கிறது.

மலையில் இரவு ஓட்டலைத் தேடி அலைவதைவிட இதுவே மேல் என்பது என் கட்சி. உள்ளங்கையில் அடங்கும் தட்டுவடை, அதன்மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மூடுவதற்கு இன்னொரு தட்டுவடை. தள்ளுவண்டிக்காரர் கை நிற்காது. கடித்துத் தின்னக் கூடாது, அப்படியே வாயில் போட வேண்டும். அக்கா முதல் தடவை கடித்ததில் பாதி பீட்ரூட் சேலையில். பல் தேறாதவர்களுக்கு, தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மாமியாருக்கு மட்டும் இரண்டு தோசை. மற்றவர்களுக்கு அன்று ராத்திரி அடுப்பு கிடையாது.