பிணம் எடுக்கும்வரை

மார்ச் 4
எதிர்வீட்டில் ஒரு சாவு. பிணம் எடுக்கும்வரை தெருவில் எவரும் அடுப்பு மூட்டவில்லை. பகல் இரண்டு மணிக்குமேல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நான் பிஸ்கட் தின்றேன். அந்தக் கூச்சத்தோடுதான், 1965இல் வெளிவந்த யு.ஆர். அனந்தமூர்த்தியின் கன்னட நாவலான ‘சம்ஸ்கார’வை மறுபடி எடுத்தேன். துர்வாசபுரம் என்னும் மாத்வ பிராமண அக்ரகாரத்தில், ஆசாரத்தை வாழ்நாளெல்லாம் பழித்த நாரணப்பா இறந்துபோகிறான். அவனுக்கு யார் கொள்ளி வைப்பது என்று முடிவாகும்வரை ஒருவரும் சாப்பிடக் கூடாது.

மார்ச் 5
நாரணப்பா கோயில் குளத்தில் மீன் பிடித்ததும் சாளக்கிராமத்தை ஆற்றில் எறிந்ததும்தான் நாவலின் கேலி என்று முன்பு எண்ணியிருந்தேன். இம்முறை அவை சற்று உரத்த குரலாகவே பட்டன. அவனோடு வாழ்ந்த சந்திரி தகனச் செலவுக்காகத் தன் நகைகளைக் கழற்றி வைத்ததும், அதுவரை விலகி நின்ற கருடாச்சாரியரும் லட்சுமணாச்சாரியரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அக்ரகாரத்தின் தலைமைப் பண்டிதரான பிராணேஷாச்சாரியரிடம் வந்து கொள்ளி வைக்கும் உரிமையைத் தமக்கே கேட்கிறார்களே, அங்கேதான் கேலி தொடங்குகிறது. பசி பொறுக்காத தாசாச்சாரியரோ, தம்மினும் தாழ்ந்தவர்கள் என்று அக்ரகாரம் ஒதுக்கிய பாரிஜாதபுரத்துக்குப் போய், மஞ்சய்யா வீட்டில் ரகசியமாகச் சாப்பிட்டுவிடுகிறார். ஆசிரியர் யாரையும் ஏசவில்லை. வயிற்றைப் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

மார்ச் 6
1970இல் இது படமானபோது சென்னைத் தணிக்கையாளர்கள் முதலில் தடுத்தார்கள். பிறகு அதற்கே சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது.

மார்ச் 8
சாஸ்திரத்தில் விடை காணாத பிராணேஷாச்சாரியர் மாருதி கோயிலில், தெய்வத்தின் விடையாகப் பூ விழும் என்று பகல் முழுவதும் காத்திருக்கும் இடத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. பூ விழவில்லை, அவ்வளவுதான். இதை நாத்திக நாவல் என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். இங்கே தெய்வம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவே இல்லை. அழுகத் தொடங்கிய உடலை அகமது பாரி என்னும் இஸ்லாமியர் இரவோடு இரவாக எரித்துவிட, அது தெரியாமலே பிராமணர்கள் தொடர்ந்து தீர்ப்புத் தேடி அலைகிறார்கள்.

மார்ச் 9
1958இல் வந்த ஆர்.கே. நாராயணின் ‘தி கைடு’ நினைவுக்கு வந்தது, அதிலும் பசிதான். ஊரார் சண்டையை நிறுத்தும்வரை சாப்பிடமாட்டேன் என்று போலிச் சாமியார் ராஜு சொல்லியனுப்பியது, ஊராரிடம் சேரும்போது மழை வரும்வரை என்று மாறிவிட, போண்டாவுக்கு ஏங்கும் அந்த மனிதன் மெய்யாகவே பட்டினி கிடக்க நேர்கிறது. நாராயணின் கேலியில் கனிவு அதிகம். எனக்கு அனந்தமூர்த்தியின் கடுமைதான் பிடித்திருக்கிறது.

எதிர்வீட்டில் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். போவேன்.