ஜாம்பி வந்தால் காப்பிக் கடைக்கு

நேற்று மாலை அடித்த மழையில் நாங்கள் ஐந்து பேரும் எதிர்ப் பேரங்காடியில் மாட்டிக்கொண்டோம். எதிர் என்றால் எதிர்தான். வாசலில் நின்றால் எங்கள் வீட்டுச் சன்னலில் நீட்டியிருக்கும் மூங்கில் கழி தெரியும். சிங்கப்பூர்த் தீவு முழுக்க நடைபாதைக்குக் கூரை போட்டவர்கள், சரியாக எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடம் வந்ததும் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது நாற்பது அடி. அந்த நாற்பது அடியில் நனைந்தால் முடி முதல் அடி வரை நனையலாம். கழியில் மாமியாரின் பச்சைச் சேலை மழையில் ஆடிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்பே அதை யார் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்ற விவாதத்தை இங்கே எழுப்ப விரும்பவில்லை. என் கணவர்தான்.

மணி 6.20 ஆனதும் வெளியே சங்கு ஊதியது. அதே நொடியில் அவசர எச்சரிக்கை அனுப்பும் எஸ்ஜிசெக்யூர் செயலி வைத்திருந்தவர்களின் கைப்பேசிகள் எல்லாம் அலறத் தொடங்கின. மீன் பிரிவில் ஒன்று, மாவு வரிசையில் இரண்டு, யாருடைய தள்ளுவண்டியிலோ கீரைக்கு அடியில் ஒன்று. பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினம். 1942-இல் இதே நாளில் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாதென்று ஆண்டுதோறும் ஊதுகிற சங்கு. ஒருவரும் அசையவில்லை. முட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பி விரிசல் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார், சங்கு ஓய்ந்த பிறகும் ஏழாவது முட்டையில்தான் இருந்தார்.

சின்னவன் மட்டும் முகம் மலர்ந்து, "அம்மா, ஜாம்பி வந்தால் நாம் இங்கேயே இருந்துவிடலாம்" என்றான்.

அவ்வளவுதான். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் கிடங்குக் கணக்கு எழுதியவர் தளபதியாகிவிட்டார். என் கணவர் வாசல் வரை நடந்து போய், இடுப்பில் கையை ஊன்றி, இடத்தை ஆராய்ந்தார். "இந்தக் கதவு ஆகாது. யார் வந்து நின்றாலும் திறந்து வழி விடுகிறது. ஜாம்பிக்கும் விடும்." பின்பக்கம் சரக்கு இறக்கும் கதவு இரும்பா என்று பார்க்கப் போனவரை ஊழியர் ஒருவர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

பெரியவள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள். "விளையாட்டில்லை அப்பா. 2011-இல் சிடிசியே ஜாம்பிக்குத் தயாராவது எப்படி என்று எழுதியது. தண்ணீர், உணவு, மருந்து, குடும்பம் கூடுவதற்கு ஓர் இடம், எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்." அவள் சொன்னது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தை. புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் தயாராகுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள் என்று ஜாம்பியைக் காட்டிப் பூச்சாண்டி காட்டியிருக்கிறார்கள். ஆனால் என் மாமியாருக்கு சிடிசி என்றால் அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் பற்றுச்சீட்டு. அதில் பாதியைப் பேரங்காடியிலும் மறுபாதியைக் காப்பிக் கடை போன்ற அக்கம்பக்கக் கடைகளிலும் செலவழிக்கலாம்.

"பேரங்காடிக்குக் கொடுத்த பாதி தீர்ந்துபோயிற்று. காப்பிக் கடைப் பாதிதான் மிச்சம் இருக்கிறது. ஆகவே காப்பிக் கடையில் ஒளிந்துகொள்ளலாம்" என்றார்.

"பாட்டி, அங்கே கதவே கிடையாது!"

"இங்கே மட்டும் கதவு என்ன வாழ்கிறது? அதுதான் திறந்துவிடுகிறதாமே."

நாங்கள் உயிர் பிழைப்பதில் உள்ள உண்மையான சிக்கல் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. ஜாம்பி எங்களைக் கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே அடைபட்ட முதல் இரவிலேயே, எந்தத் தேங்காய்ப்பால் நல்லது என்பதில் இந்தக் குடும்பம் இரண்டாக உடைந்துவிடும். ஊரே அழிந்து, கல்லாவில் ஆளே இல்லாமல் போனாலும், நெகிழிப் பைக்கு ஐந்து காசு கேட்கிறதே அந்த இயந்திரம், அதன் முன்னால் நின்று என் மாமியார், "வீட்டில் எத்தனை பை கிடக்கிறது, ஒன்றைக் கொண்டுவரத் தோன்றியதா உனக்கு?" என்று என்னைக் கேட்பார். கேட்டு முடிக்கும் வரை ஜாம்பியும் காத்திருக்கத்தான் வேண்டும்.

என் கணவரின் கொள்முதல் திறமை ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். 2020 பிப்ரவரி 7, கொரோனாவுக்காக எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்திய மாலை. ஊரே அரிசிக்கும் மீ நூடுல்ஸ் பொட்டலத்துக்கும் முண்டியடித்தது. இவரும் போனார். வியர்த்து வழிந்து, வெற்றி வீரராகத் திரும்பினார். இரண்டு கைகளிலும் கழிவறைத் தாள். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை நம்பி வாழும் வீட்டுக்கு! எல்லாரும் வாங்கினார்கள் என்பதுதான் அவர் தரப்பு வாதம். அந்தத் தாள் இன்னும் பாம் ஷெல்டரில்தான் இருக்கிறது.

பாம் ஷெல்டர் என்றதும் கேட்பீர்கள், வீட்டுக்குள்ளேயே காங்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் போட்டு ஓர் அறை கட்டிக் கொடுத்திருக்க, பேரங்காடியில் ஏன் ஒளிய வேண்டும் என்று. நியாயமான கேள்விதான். அந்த அறைக்குள் தீபாவளி முறுக்கு அண்டா, ஊருக்குப் போகும் பெட்டிகள், பெட்டிக்குள் பெட்டிகள், உயிர் விட்ட மின்விசிறி, அது வந்த அட்டைப்பெட்டி, பெரியவளின் தொடக்கப்பள்ளிப் புத்தகங்கள், மேற்படித் தாள். குண்டு விழுந்தால் இவை அத்தனையும் பத்திரமாக இருக்கும்.

மழை சற்றுத் தணிந்தது. கிளம்பலாம் என்று பார்த்தால் மாமியாரைக் காணவில்லை. அரிசி அடுக்குக்கு முன்னால் நின்று ஐந்து கிலோ பையைத் தள்ளுவண்டிக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பிரிக்காத பை ஒன்று இருக்கிறது. கணவர் பொறுமையாக விளக்கினார்: "அம்மா, இங்கே அரிசி இறக்குமதி செய்பவர்கள் இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியை இருப்பில் வைத்தே ஆக வேண்டும். விதிமுறை."

"அது அவர்கள் அரிசி. இது என் அரிசி."

மாமியாரின் அம்மா ஜப்பான்காரன் காலத்தில் இங்கேதான் இருந்தவர். வாழைமரம் போட்ட நோட்டைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தாலும் அரிசி கிடைக்காமல், மூன்றரை வருடமும் மரவள்ளிக்கிழங்கே கதியென்று இருந்தாராம். எங்கள் வீட்டுக்குள் மரவள்ளிக்கிழங்கு வராது. சிப்ஸாகக்கூட வராது. இது தெரிந்தும் ஒவ்வொரு மாதமும் அரிசி அடுக்குக்கு முன்னால் இந்த விவாதம் நடக்கிறது. நேற்று கணவர் அதற்கு மேல் வாதாடவில்லை. பையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அரிசியை வைக்க ஷெல்டரைத் திறந்தோம். மின்விசிறியின் அட்டைப்பெட்டியை வெளியே இழுத்ததில் ஒரு முக்காலி போடும் அளவுக்கு இடம் பிறந்தது. சின்னவன் உள்ளே புகுந்து உட்கார்ந்து பார்த்தான்.

"சரியாகப் போயிற்று" என்றார் மாமியார். "சங்கு ஊதினால் இவன் உள்ளே போகட்டும். அரிசியும் உள்ளே இருக்கட்டும். இவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, அதனால் நானும் போகிறேன்."

"அப்போது நாங்கள்?" என்றார் என் கணவர்.

"நீதான் பேரங்காடியைச் சுற்றிப் பார்த்து வைத்திருக்கிறாயே. போகும்போது பை எடுத்துக்கொண்டு போ."