ஆறு முறை உலகச் சாம்பியன்

பிரேக்கே இல்லாத பைக். ஒரே கியர், 500 சிசி, மெத்தனால் எரிபொருள். இடது பூட்ஸில் இரும்புத் தகடு மாட்டி, அந்தக் காலை மண்ணில் தேய்த்தபடி பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் வளைவைக் கடக்க வேண்டும். நாலு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். ஸ்பீட்வே என்றால் இதுதான்.

நியூசிலாந்தின் ஐவன் மாகர் இதில் ஆறு முறை உலகச் சாம்பியன். பதின்ம வயதில் இங்கிலாந்து போனார், எடுபடவில்லை. ஊர் திரும்பி, அப்புறம் மறுபடி போனார். 1968, 1969, 1970 என்று வரிசையாக மூன்று பட்டம். மூன்றாவதையும் வென்றால் பைக்குக்குத் தங்க முலாம் பூசித் தருவதாகச் சொல்லியிருந்த அமெரிக்க ரசிகர்கள் இரண்டு பேர், சொன்ன சொல் தவறாமல் பூசியே கொடுத்தார்கள்! இன்னும் நீளமான, வேகமான லாங்டிராக்கிலும் மூன்று பட்டம்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது 1979தான். போலந்தில் அந்த ஆறாவது பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 39.