களஞ்சியம் எப்ப திறக்கும்?

ஜனவரி 14, 2025

பொங்கல். பானையில் போனது கடை அரிசி. எங்கட மட்டக்களப்பு வயல் வட்டையில் கதிர் பாதிதான் பழுத்திருக்கு. பெத்தா, எங்கட பாட்டி, அரிசிப் பையை வெளிச்சத்துக்குப் பிடிச்சு, என்ன ஊர் எழுதியிருக்கெண்டு வாசிக்கச் சொன்னா. பொலன்னறுவை. "நம்மட நெல்லு போற ஊர்தானே மனே," எண்டா.

ஜனவரி 19

மழை. கதிர் சாயாமல் நிக்க வேணும். வேற ஒண்டும் வேணாம்.

ஜனவரி 21

பள்ளத்து வயல் சாஞ்சிட்டு. நவம்பர் வெள்ளத்துக்குத் தப்பின பயிர். அப்பா வரம்பில குந்தியிருந்தார், கூப்பிட்டும் வரல்ல.

ஜனவரி 26

மனு எழுதக் கூடினம். நெல்லுக்கு நல்ல விலை வேணும் எண்டு மட்டும் எழுதினாப் போதும் எண்டு ஆம்பிளையள் நிண்டாங்க. மச்சாள் விடல்ல. "விலை என்னவாயும் இருக்கட்டும், அரசாங்கம் நெல்லு வாங்கிற களஞ்சியம் எப்ப திறப்பீங்க எண்டு கேட்டு எழுது" எண்டா. அவ சொன்னதுதான் சரி. வெட்டு முடிஞ்ச கையோட வெட்டு மிசினுக்குக் காசு கட்ட வேணும். அடுத்தது உரக் கணக்கு. உரம் கடனுக்குத் தந்தவர்தான் நெல்லும் வாங்குறவர், வயல் வாடியடிக்கே லொறியோட வருவார். அம்மாட சங்கிலி அடகில கிடக்கு. மாசி முடிஞ்சு களஞ்சியம் திறந்தா எங்கட வீட்டில ஒரு மூடையும் மிஞ்சாது. எல்லாம் ஏவாரிட கையில இருக்கும். எங்களுக்கெண்டு சொன்ன விலையை அவர் எடுப்பார்.

ஈரம் பார்க்கிற கருவி ஒண்டு ஊருக்கு வேணும் எண்டதையும் சேர்த்தம். தராசு எங்கட கண்ணுக்கு முன்னால இருக்க வேணும் எண்டது நான் சேர்த்தது.

ஜனவரி 29

முதல் வெட்டு. 20 மூடை ஈரத்தோடயே ஏவாரிக்குப் போயிட்டு.

எங்கட பக்கம் மூடை எண்டா 66 கிலோ. தராசில 68 வரும்வரைக்கும் சாக்குக்குள்ள அள்ளிப் போட்டாங்க. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவாம். 20 மூடைக்கு 40 கிலோ சும்மா போகுது. தராசின்ட முகம் லொறிப் பக்கம் திரும்பியிருந்தது. நான் சுத்திப் போய்ப் பார்க்க, பெடியன் ஒருத்தன் சாக்கைத் தூக்கிட்டான்.

மூடை 5,800 ரூபாய். 68ஆல பிரிச்சா கிலோவுக்கு 85. கடையில நாட்டரிசி 230, டிசம்பரில அரசாங்கம் கட்டின உச்ச விலை. 100 கிலோ நெல்லைக் குத்தினா 65 கிலோ மட்டில அரிசி வரும். அப்ப 66 கிலோ மூடைக்கு 43 கிலோ, 9,890 ரூபாய். லொறிக்கும் மில்லுக்கும் செலவிருக்கு, தெரியும். எண்டாலும் நடுவில நிக்கிற அந்த 4,090 ரூபாயை நினைச்சு நித்திரை வருகுதில்ல. நாலு மாசம் யானைக் காவல் இருந்த ஆள் அப்பா.

பெப்ரவரி 2

183 கையெழுத்து, 9 கைநாட்டு. பெத்தாட பெருவிரல் மை இன்னும் போகல்ல.

பெப்ரவரி 5

அரசாங்கம் விலை சொல்லிட்டு! நெல்லுக் கிலோ நாட்டு நெல்லு 120, சம்பா 125, கீரிச் சம்பா 132. ஈரப்பதன் 14 வீதத்துக்குள்ள இருக்க வேணும்.

அப்பா றேடியோவைக் கூட்டி வச்சிட்டு முற்றத்தில நிண்டார். பிறகு மெதுவா, "அந்த 20 மூடை..." எண்டார். நான் கணக்குப் பார்த்துட்டன், சொல்லல்ல. 66 கிலோ எண்டு பார்த்தாலும் மூடைக்கு 2,120 போயிட்டு. காய வச்சாக் குறையிற நிறையைக் கழிச்சாலும் சின்னக் காசில்ல.

பெப்ரவரி 6

களஞ்சியத்தில பூட்டு.

பெப்ரவரி 7

11 பேர் வலையிறவுப் பாலம் தாண்டி பஸ்ஸில டவுனுக்குப் போனம். அரசாங்கக் கந்தோரில இருக்கச் சொன்னாங்க. மத்தியானம் வரைக்கும் இருந்தம். கைக்குழந்தையோட வந்த பிள்ளைக்குத் தண்ணி கேட்டு நான்தான் எழும்பினன். கடைசியில மனுவை வாங்கிப் பிரதியில முத்திரை குத்தித் தந்தாங்க. எப்ப திறக்கும் எண்டதுக்கு மட்டும் பதில் இல்ல. திரும்பி வரக்குள்ள றோட்டு நெடுக காயப் போட்ட நெல்லு. பஸ் ஒரு பக்கச் சக்கரத்தை அதில ஏத்தித்தான் போனது. அப்பிடி மிதிபடுற நெல்லைப் பிறகு கூட்டி அள்ளுறதும் பொம்பிளையள்தான்.

பெப்ரவரி 9

லொறி திரும்பவும் வந்தது. பக்கத்து வீட்டார் 30 மூடை குடுத்திட்டாங்க. கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன உரிமை? அவங்கட மகனுக்கு நாளைக்கு ஆசுப்பத்திரி.

பெப்ரவரி 12

போயா, பௌர்ணமி லீவு. கந்தோர் எல்லாம் மூடல். அப்பா நெல்லைக் கடிச்சுப் பார்க்கிறார். பல்லில "டிக்" எண்டு முறியுது, அதுதான் பதமாம். கருவி என்ன சொல்லுமோ?

பெப்ரவரி 13

திறந்தாச்சு!

விடியக்குள்ளயே நெல்லேத்தின 17 உழவு மிசின் பெட்டி வரிசையில. எங்கடது ஒன்பதாவது. களஞ்சியத்து ஐயா ஒரு கை நெல்லை ஈரம் பார்க்கிற கருவிக்குள்ள போட்டு மூடியைத் திருகினார். எண் ஓடி நிண்டது: 15.1. அப்பாட முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. மச்சாள்தான், "எங்களுக்கும் காட்டுங்க ஐயா" எண்டு கேட்டா. அவர் கருவியைத் திருப்பிப் பிடிச்சார். தராசையும் எங்கட பக்கம் திருப்பச் சொன்னம். ஒரு கதையுமில்லாமல் திருப்பி வச்சாங்க. இவ்வளவுதானே கேட்டது, இவ்வளவு காலமா!

பெட்டியைத் திருப்பிக்கொண்டு வந்து கோயில் வீதியில கொட்டிப் பரப்பினம். கால் வெந்துட்டு. வெயில் இப்பிடியே நிண்டா நாளைக்குப் பின்னேரம் 14க்கு இறங்கும்.

பெப்ரவரி 14

விடிய நாலு மணி. மேற்கால மின்னுது. அப்பா நெல்லை மூடப் படங்கை இழுத்துக்கொண்டு ஓடுறார், நானும்