ஈயம் இல்லாத எடைக்கல்

அப்பாவின் பலசரக்குக் கடையைக் காலி செய்தபோது கல்லாப்பெட்டிக்கு அடியில் பழைய இரும்பு எடைக்கற்கள் கிடந்தன. ஒரு கிலோ கல்லைப் புரட்டினேன். அடியில் ஈயம் இருக்க வேண்டிய குழி வெறுமையாக இருந்தது. அந்த ஈயத்தின்மேல்தான் முத்திரை ஆய்வாளர் முத்திரை குத்துவார். மின்னணுத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 955 கிராம்.

'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது. சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.' நீதிமொழிகள் 11:1. ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய வசனம். 'சுமுத்திரை' என்றால் சரியான முத்திரை என்று ஐம்பது வயதில், துரு படிந்த கையோடு அன்றுதான் விளங்கியது.

75 கிலோ மூட்டையை இந்தக் கல்லாலேயே நிறுத்து விற்றால், மூன்றேகால் கிலோவுக்கு மேல் கடையிலேயே தங்கிவிடும்.

உறவினர் ஒருவரிடம் கல்லைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. கடைசிக் காலத்தில் சர்க்கரை நோயால் அப்பாவின் ஒரு காலை எடுத்திருந்தார்கள். "அதற்குத்தான் கால் போனது" என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். அப்படியல்ல என்று பதிலும் சொன்னார். லூக்கா 13ஐ எத்தனை முறை வாசித்தாலும் அடுத்தவன் வியாதியைக் கண்டதும் நம்மவர்களுக்கு நியாயாசனத்தில் ஏறி உட்கார வேண்டும்.

சரி, கால் போனது தண்டனை இல்லை. அப்படியானால் 45 கிராம் என்ன ஆனது? அப்பா மனம் வருந்தியிருப்பார், சிலுவையில் எல்லாம் தீர்ந்தது என்று சொல்லிக்கொண்டேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் லேவியராகமம் 6 வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தது. ஏமாற்றியவன் ஆட்டுக்கடாவோடு வந்தால் மட்டும் போதாது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, பலியிடும் நாளிலேயே உரியவனிடம் கொடுத்தாக வேண்டும். எண்ணாகமம் 5 இன்னும் விடாப்பிடி: உரியவனும் இல்லை, அவன் இனத்தானும் இல்லை என்றால் ஆசாரியனிடம் கட்டு என்கிறது. வாங்க ஆள் இல்லை என்று கணக்கை மூட முடியாது. இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயு ஐந்தில் ஒரு பங்கோடு நிற்கவில்லை. ஆடு திருடியவனுக்கு யாத்திராகமம் விதித்த நாலத்தனையை, அதாவது நாலு மடங்கை, தானே தன்மேல் விதித்துக்கொண்டான். அதன் பிறகுதான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்ற வார்த்தை வருகிறது. (பணம் கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று நான் சொல்லவில்லை. எங்கள் குருவானவர் இதை வாசிப்பார்.)

குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்கிறது. அதற்குள் ஒளிந்துகொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் அதே அதிகாரத்தில் பிதாக்கள் தின்ற திராட்சக்காய், பிள்ளைகளின் பல் கூச்சம் என்று ஒரு பழமொழி வருகிறது, இனி அதைச் சொல்லக் கூடாது என்ற கண்டிப்போடு. எங்கள் வீட்டில் அந்தக் காயை அப்பா மட்டும் தின்னவில்லை. என் கல்லூரிக் கட்டணம் அந்தக் கல்லாவிலிருந்து போனது.

பற்று நோட்டைத் தூசி தட்டினேன். முதல் பெயர் எங்கள் பழைய தெரு ஆச்சி. பத்துக் கிலோ அரிசியோடு போய், கல்லைப் பற்றிச் சொன்னேன். ஆச்சி அரிசியை வேண்டாம் என்று சொல்லவில்லை. பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எடை போட்டு முடித்ததும் உன் அப்பா ஒரு கை அள்ளிக் கொசுறு போடுவாரே, மறந்துவிட்டாயா என்று கேட்டார்.

மறந்துதான் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு கை அரிசியை அள்ளித் தராசில் போட்டேன். 52 கிராம். அப்பாவின் கை என் கையைவிடப் பெரியது.

எல்லாருக்கும் போட்டாரா, ஆச்சிக்கு மட்டும்தானா? நோட்டில் இன்னும் 31 பெயர்கள் இருக்கின்றன.