தொடக்கூடாத கதிரைகளுக்கு நடுவில்

சுவிஸ் நகரமான பாசலில் ஏறினால் 55ஆம் இலக்க பஸ் எல்லையைத் தாண்டி ஜேர்மனிக்குள் கொண்டுபோய் விடும். வைல் அம் ரைன் ஊரில் விட்ரா தரிப்பில் இறங்கினால், வெள்ளை வெளேரென்று வளைந்தும் சாய்ந்தும் நிற்கிற கட்டடம் கண்ணில் படும். விட்ரா என்கிற தளபாட நிறுவனத்தின் வளாகத்தில் இருக்கிற விட்ரா டிசைன் மியூசியம். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரி ஐரோப்பாவில் கட்டிய முதல் கட்டடம் அது, 1989இல் திறந்தது. அங்கே நான் சில வருடங்கள் பகுதிநேர வழிகாட்டியாக இருந்தேன். பெரும்பாலும் சனி, ஞாயிறு. ஜேர்மனிலும் ஆங்கிலத்திலும் பொதுமக்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவது வேலை.

ஆட்கள் அதிகம் கேட்டு வருவது இரண்டு மணி நேரக் கட்டடக்கலைச் சுற்றுக்குத்தான். வளாகத்தின் சில கட்டடங்களுக்குள் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, ஏனென்றால் சுற்றிவர இருப்பவை தளபாடம் செய்கிற தொழிற்சாலைகள். கதையை நாங்கள் நெருப்பில் தொடங்குவோம். 1981இல் மின்னல் விழுந்து தொழிற்சாலையின் பெரும்பகுதி எரிந்துபோனது. நிக்கலஸ் கிரிம்ஷோ ஆறே மாதத்தில் புதிய மண்டபம் கட்டிக் கொடுத்தார். பிறகு நிறுவனத்தை நடத்திய ரொல்ஃப் ஃபெல்பாம் ஒவ்வொரு கட்டடத்தையும் வேறு வேறு கட்டடக் கலைஞரிடம் கொடுத்துக்கொண்டே போனார். கேரி, ஸஹா ஹடிட், தடாவோ அண்டோ, அல்வாரோ சீசா என்று இன்றைக்கு அந்தப் பட்டியல் நீளம்.

பெயர்களை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது கஷ்டமில்லை. எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிவதுதான் கஷ்டம். ஹடிட்டின் தீயணைப்பு நிலையத்துக்குள் போனதும் நான் பேசமாட்டேன். 1993இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் சுவர்கள் சரிந்து நிற்கும், நேர்மூலை தேடினாலும் லேசில் கிடைக்காது. பெரியவர்கள் முதலில் மரியாதையாக மேலே பார்ப்பார்கள். பிள்ளைகள் சரிவுக்கு ஏற்றபடி உடம்பைச் சரித்து நடக்கத் தொடங்குவார்கள். அப்புறம் பெரியவர்களும் சுவரில் கை வைப்பார்கள். சிலருக்குத் தலை சுற்றும். கட்டடம் என்ன செய்கிறது என்று அப்போது நான் சொல்லத் தேவையில்லை, அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். தீயணைக்கும் பொறுப்பை ஊர்ப் படை ஏற்றுக்கொண்ட பிறகு அங்கே வண்டிகள் நிற்பதில்லை, கண்காட்சியும் நிகழ்ச்சியும்தான் நடக்கின்றன என்பதை வெளியே வந்துதான் சொல்வேன்.

அண்டோவின் கூட்ட மண்டபமும் அப்படித்தான். செர்ரி மரத் தோட்டத்தின் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒடுங்கிய பாதை. எவ்வளவு சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்த கூட்டமும் அந்தப் பாதையில் தானாக அடங்கும். கொங்கிரீட் சுவரில் ஓரிடத்தில் ஓர் இலையின் தடம் பதிந்திருக்கும். யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பேன். நிச்சயம் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பாசல் மியூசிய இரவு வரும். ஒரே டிக்கெட்டில் நகரத்து மியூசியங்கள் எல்லாவற்றுக்கும் போகலாம் என்பதால், மற்ற நாளில் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள் நள்ளிரவு தாண்டியும் வருவார்கள். எனக்குப் பிடித்த இரவு அது. இந்தக் கதிரை என்ன விலை, இதில் சாய்ந்தால் முதுகு நோகாதா என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். சரியான கேள்விகள் அவை. ஏழாயிரம் அளவில் தளபாடங்கள் சேர்த்து வைத்திருக்கிற மியூசியத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான் என்கிற குறையை இந்தக் கேள்விகள்தான் ஓரளவு தீர்க்கின்றன.

2017 மார்ச்சிலிருந்து ஜூலைவரை மோனோப்ளாக் கதிரை பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள். பெயர் தெரியாவிட்டாலும் கதிரையைத் தெரியாத ஆள் கிடையாது. உலகம் முழுக்கக் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் கிடக்கிற பிளாஸ்டிக் கதிரைதான் அது. உருக்கிய பாலிபுரோப்பலீனை அச்சுக்குள் செலுத்தி ஒரே வார்ப்பில் எடுப்பது. ஆணி, பூட்டு ஒன்றுமில்லை. 1972இல் பிரான்சில் ஆன்ரி மாஸ்ஸொனே வெளியிட்ட கதிரையை இதன் மூதாதை என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பாசல் நகரத்தில், ஊரின் அழகு கெடுகிறதென்று இதைப் பொது இடத்தில் போடுவதற்கு 2008இலிருந்தே தடை. அந்தத் தடையும் 2017இல்தான் நீங்கியது.

அந்தக் கண்காட்சியின் ஞாயிற்றுக்கிழமைச் சுற்று ஒன்றுக்கு, பேத்தியோடு ஓர் ஐயா வந்திருந்தார். ஜேர்மன் பேச்சு அவருக்கு ஓடவில்லை. நான் தமிழ் என்று பேத்தி சொன்னதும் பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, இது எங்கட கோயில் மண்டபத்துக் கதிரையெல்லோ. இதை ஏன் இஞ்ச கொண்டந்து வச்சிருக்கினம்?"

காரணத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, குனிந்து பின்னங்காலைப் பார்த்தார். கால் இருக்கையோடு சேருகிற வளைவை, தொடாமல், விரலால் காட்டினார்.

"வெய்யிலில கன நாள் கிடந்தா இந்த இடத்திலதான் வெடிக்கும். கனத்த ஆளெண்டா ரெண்டை ஒண்டாப் போட்டுக் குடுக்கோணும்."

ஊரில் அவர் பந்தலும் கதிரையும் வாடகைக்கு விட்டவராம். கலியாண வீடு, செத்த வீடு, திருவிழா எல்லாவற்றுக்கும் இவருடைய கதிரைதான். நான் மொழிபெயர்க்க, மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். எத்தனையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம்? தூக்கும்போது எங்கே பிடிப்பது? களவு போகாமல் இருக்க என்ன செய்வீர்கள்? முதுகுப் பக்கம் பெயின்ரில் பெயர் எழுதுவோம், கைவைக்கிற இடம் முதலில் பழுப்பாகும், மணலில் கால் புதைந்தால் ஆள் பின்பக்கமாக விழுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குறித்த நேரம் முடிந்தும் ஒருவரும் நகரவில்லை.

கண்காட்சி முடிந்த பிறகும் பான்டன் கதிரைக்கு முன்னால் நிற்கும்போது அவர் சொன்னதைச் சொல்வேன். வடிவமைப்பாளர் வெர்னர் பான்டனின் அந்தக் கதிரையும் ஒரே துண்டு பிளாஸ்டிக்தான். 1967இல் வந்தது. பொருளை மாற்றிப் பார்த்தார்கள்; வெடிப்பு விட்டதால் 1979இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 1999இல் வந்த வடிவம் பாலிபுரோப்பலீனில் வார்த்தது, கோயில் மண்டபத்துக் கதிரையின் அதே பிளாஸ்டிக். இதைக் கேட்டதும் பார்வையாளர்கள் தங்கள் வீட்டு மொட்டைமாடியில், தோட்டத்தில் உடைந்த கதிரைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். நான் வாசித்துத் தெரிந்துகொள்ள முடியாத தகவல்கள் எத்தனையோ அப்படிக் கிடைத்தன.

டிசைன் மியூசியங்களின் மாலை நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் வடிவமைப்பாளர்களும் கட்டடக் கலைஞர்களும் பேசுவார்கள். நல்ல பேச்சுகள், நானும் விரும்பிப் போவேன். ஆனால் பொருளைத் தூக்கி, அடுக்கி, கழுவி, திருத்தியவர்களுக்கு அந்த மேடையில் இடம் கிடைப்பது அரிது. வருடத்தில் ஒரு மாலையாவது அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். கதிரை வாடகைக்கு விட்ட ஒருவரும் பிளாஸ்டிக் வார்ப்புத் தெரிந்த ஒரு பொறியியலாளரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, பின்னங்கால் ஏன் அந்த இடத்தில் வெடிக்கிறது என்று பேசட்டும். மொழிபெயர்க்க நான் வருகிறேன்.